நாலு செல் போட்டும் ஆறு வோல்ட் வரவில்லை

பத்தாம் வகுப்பு அ பிரிவில் ஒரு மாணவி, செய்முறை நோட்டில் 5.2 என்று எழுதியதை அழித்துவிட்டு 6 என்று எழுதினாள். நான் பின்னால் நிற்பதை அவள் கவனிக்கவில்லை.

"ஏம்மா அழிக்கிற?"

"மீட்டர் தப்பாக் காட்டுது டீச்சர். நேத்து கம்ப்யூட்டர்ல 6 வோல்ட் கரெக்டா வந்துச்சுல்லா."

பக்கத்துக் குழுவை எட்டிப் பார்த்தேன். அங்கே அழித்த தடம்கூட இல்லை. மீட்டரைப் பார்க்காமலே 6 என்று எழுதி, மின்னோட்டத்துக்கு 0.60 என்றும் எழுதி, வகுத்து 10 ஓம் என்று முடித்துவிட்டு, பேனாவை மூடி வைத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் ரொம்ப அழகு.

இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து தயார் செய்த பாடம் இப்படிப் போனது. என்ன செய்தேன், எங்கே சொதப்பியது, ஆ பிரிவுக்கு எதை மாற்றினேன் என்று எழுதி வைக்கிறேன். மின்னோட்டவியலைக் கணினியோடு சேர்த்து நடத்த நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் செலவும் அலைச்சலும் மிச்சமாகலாம்.

முதலில் கணினிப் பக்கம். எங்களுடையது தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளி. ஆய்வகத்தில் பத்துக் கணினி உண்டு. ஒன்று எப்போதும் படுத்திருக்கும். இணையம் வரும், போகும். பாடப் புத்தகத்தில் கியூஆர் குறி இருக்கிறது, திக்‌ஷா தளத்தில் காணொளி இருக்கிறது, அதெல்லாம் நல்லதுதான். ஆனால் காணொளியைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும். ஒரு கம்பியைப் பிடுங்கினால் பல்பு அணைகிறதா என்று அவர்களே பிடுங்கிப் பார்க்கிற மாதிரி ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.

முன்பு என்னிடம் ஒரு சிடி நிறைய ஃபிளாஷ் அசைபடங்கள் இருந்தன. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றுபோனதும் அந்த சிடி வெறும் தட்டாகிவிட்டது. அப்புறம்தான் ஃபெட் பக்கம் போனேன். திரையிலேயே கட்டி, மாற்றிப் பார்க்கிற சோதனை மாதிரிகளை, அதாவது சிமுலேஷன்களை, செய்து தருகிற திட்டம் அது; அமெரிக்காவில் போல்டர் நகரத்தில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்துடையது. கார்ல் வைமன் என்பவர் 2002-இல் தொடங்கினார். அதற்கு முந்தைய வருஷம்தான் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்திருந்தது. நோபல் வாங்கிய கையோடு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல்பும் பேட்டரியும் வரையக் கிளம்பிய மனுஷர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை. ஃபெட்டின் பழைய சிமுலேஷன்கள் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் இருந்தன. இப்போது உள்ளவை ஹெச்டிஎம்எல் வடிவம். ஒரு சிமுலேஷன் என்பது ஒரே ஒரு கோப்பு, சில மெகாபைட்தான். ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால் பிறகு இணையமே வேண்டாம். காசும் இல்லை.

பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. நான் எடுத்தது நேர்மின்னோட்டச் சுற்று கட்டும் சிமுலேஷன். அதில் திரையில் எழுத்தே குறைவு, கம்பி, பேட்டரி, பல்பு, மின்தடை எல்லாம் படமாக இருக்கும் என்பதால் மொழி ஒரு தடையாக இல்லை.

இங்கே ஒரு வெட்டி வேலை பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தது. அதை சர்வர் ஆக்கி, எல்லாக் கணினியும் அதிலிருந்து சிமுலேஷனை எடுக்கட்டும் என்று திட்டம். பைத்தானில் ஒரே வரிக் கட்டளை, அவ்வளவுதான் சர்வர். வீட்டில் அருமையாக ஓடியது. ஆய்வகத்தில் மூன்று கணினியின் நெட்வொர்க் கேபிளை எலி கடித்திருந்தது, இரண்டில் முகவரி குழப்பம். ஒரு சனிக்கிழமை முழுக்க இதிலேயே போனது. கணினி பார்த்துக்கொள்ளும் சார் சாயங்காலம் வந்து பார்த்தார். "டீச்சர், மொத்தம் எத்தனை எம்பி?" என்று கேட்டார். சொன்னேன். பென்டிரைவை வாங்கி ஒன்பது கணினியிலும் வரிசையாகக் காப்பி செய்துவிட்டுப் போனார். இருபது நிமிஷம்.

ஆனாலும் எடுத்த எடுப்பில் திறக்கவில்லை. கணினிகளில் இருந்த பிரவுசர் ரொம்பப் பழசு. சிமுலேஷனின் முகப்புப் படம் வந்து அப்படியே நின்றுவிட்டது. புதிதாக எதையும் நிறுவக் கடவுச்சொல் வேண்டும், அது எங்களிடம் இல்லை. லினக்ஸுக்கான ஃபயர்பாக்ஸ் ஒரு சுருக்கிய கோப்பாகவே கிடைக்கிறது. நிறுவ வேண்டியதில்லை, ஏதாவது ஒரு ஃபோல்டரில் விரித்து அங்கிருந்தே திறக்கலாம். அதுதான் காப்பாற்றியது. இரண்டு கணினியில் திரை இழுத்து இழுத்து ஓடியது. எலக்ட்ரான்கள் ஓடுவதைக் காட்டும் தேர்வை நீக்கிவிட்டதும் சரியானது.

இனி கைவேலை. சிமுலேஷனில் உள்ளதை நிஜத்திலும் கட்டவேண்டும் என்பது முதலிலேயே முடிவு. பள்ளியில் முள் வைத்த அம்மீட்டர் இருக்கிறது, 3 ஆம்பியர் வரை. அதில் படிக்க முடிகிற மிகச் சிறிய அளவு, அதாவது மீச்சிற்றளவு, 0.1. ஒரு செல் போட்டால் எனக்கு வரப்போவது 0.14 ஆம்பியர், முள் அசைந்ததா இல்லையா என்று பட்டிமன்றம்தான் நடத்த வேண்டும். போதாக்குறைக்கு எதையும் இணைக்காதபோதே முள் சுழியில் நிற்காத சுழிப்பிழை வேறு. அதனால் 200 ரூபாய் விலையில் கிடைக்கிற மஞ்சள் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஆறு வாங்கினேன். மூன்று குழு, குழுவுக்கு இரண்டு மீட்டர்.

மின்தடைக்கு மின்அடுப்புச் சுருள். சங்கரன்கோவிலில் எலக்ட்ரிகல் கடையில் 1000 வாட் என்று கேட்டு வாங்கினேன். 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் முழுச் சுருளின் மின்தடை ஏறக்குறைய 53 ஓம். ஐந்தாக வெட்டினால் ஒரு துண்டு பத்து ஓமுக்குச் சற்று மேலே. அளந்து வெட்ட வேண்டாம், சுற்றுகளை எண்ணி வெட்டினால் போதும். வெட்டியதும் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும். சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டால் மின்தடை குறைந்துவிடும். முதல் துண்டை இழுக்காமல் அளந்துவிட்டு, மீட்டரை அரைமணி நேரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, அடுப்புச் சுருள் நிக்ரோம் என்ற உலோகக் கலவை; அதில் சாதாரண ஈயப் பற்று ஒட்டாது. உருண்டையாகி வழிந்துவிடும். வீட்டு வயரிங்கில் பயன்படுத்தும் ஸ்குரூ வைத்த பிளாஸ்டிக் கனெக்டரை இரண்டு இரண்டாக வெட்டி, ஒரு பக்கம் சுருள், மறுபக்கம் வயர் என்று முடுக்கினேன். இன்றுவரை கழன்றதில்லை.

பல்பு கிடைக்கத்தான் அலைந்தேன். எல்இடி வந்த பிறகு டார்ச் பல்பு என்று கேட்டாலே கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார். கடைசியில் ஒரு பழைய சைக்கிள் கடையில், டைனமோ விளக்குக்கு உள்ள 6 வோல்ட் 3 வாட் பல்புகள் தூசி படிந்து ஒரு டப்பாவில் கிடந்தன. எட்டு எடுத்தேன்; இரண்டு போயிருந்தது. பித்தளை மூடியில் ஈயம் நன்றாகப் பிடிக்கும் என்பதால் ஹோல்டர் இல்லாமல் நேராகவே வயரைப் பற்ற வைத்தேன். செல்லுக்கு நாலு செல் பிடிக்கும் சாதாரண டப்பா. ஒரு செல், இரண்டு செல் என்று கூட்டிக்கொண்டு போக, முதலைக் கிளிப்பால் அந்தந்த ஸ்பிரிங்கைக் கவ்வினால் போதும்.

அ பிரிவுக்கு முதல் நாள் சிமுலேஷன், மறுநாள் நிஜம் என்று வைத்தேன். முதல் நாள் திருவிழா. அந்தச் சிமுலேஷனில் பேட்டரியின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பிடிக்கும். இதை எவனோ ஒருவன் கண்டுபிடித்த அரை நிமிஷத்தில் ஒன்பது திரையிலும் தீ. மின்தடைக்குப் பதிலாகக் காசு, ரப்பர், நாய்கூட வைக்கலாம். நாயை வைத்ததும் வகுப்பு என் கையில் இல்லை. ஆனால் பத்து நிமிஷம் விட்டுப்பிடித்தால் அடங்கிவிடும். அந்தப் பத்து நிமிஷத்தில் மின்கடத்தி, காப்பான் இரண்டையும் நான் வாய் திறக்காமலே அவர்கள் முடித்திருந்தார்கள். அதன் பிறகு பேட்டரிக்கு 1.5 வோல்ட் வைத்து, 10 ஓம் மின்தடை போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு பேட்டரி என்று கூட்டி அளவு எடுத்தோம். நாலில் 6.00 வோல்ட், 0.60 ஆம்பியர். வரைபடம் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடு.

மறுநாள் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். ரப்பர்.

இதில் எனக்குக் கோபம் வந்தது பிள்ளைகள்மேல் இல்லை. சரியான விடை இதுதான் என்று முந்தின நாளே நானே அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் மீட்டர் காட்டுவது அவர்களுக்கு வெறும் தொந்தரவு. செய்முறைத் தேர்வுக்கு எதிர்பார்த்த விடையிலிருந்து பின்னோக்கி அளவு எழுதுகிற பழக்கம் நம் பள்ளிகளில் ஏற்கெனவே உண்டு, மறைப்பானேன். நான் அதற்குக் கணினி வைத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

இந்தச் சிமுலேஷனை வைத்தே கொலராடோவில் ஒரு ஆய்வு செய்து 2005-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கல்லூரி இயற்பியல் வகுப்பில் ஒரு கூட்டம் நிஜக் கருவிகளோடும், இன்னொரு கூட்டம் சிமுலேஷனோடும் படித்தது. பிறகு வைத்த கருத்துக் கேள்விகளில் சிமுலேஷன் கூட்டமே முந்தியது; நிஜச் சுற்றைக் கட்டச் சொன்னபோதும் அவர்களே நன்றாகச் செய்தார்கள். அதை நம்பித்தான் சிமுலேஷனை முதலில் வைத்தேன். அந்த ஆய்வில் குறை காண நான் யார்? சுற்றைக் கட்டுவதில் என் பிள்ளைகளும் கெட்டிதான். மறுநாள் வயரை எங்கே மாட்டுவது என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. கட்டியதை அளந்து, வந்ததை வந்தபடி எழுதுவதுதான் கெட்டுப்போயிருந்தது.

அன்றைக்கு இன்னொரு சேதமும் ஆனது. ஒரு மீட்டரில் சிவப்பு வயரை மில்லிஆம்பியர் துளையில் வைத்துக்கொண்டே நாலு செல்லுக்கும் குறுக்கே தொட்டிருக்கிறார்கள். ஃபியூஸ் போய்விட்டது. பின்பக்கம் ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே விரல்நுனி நீளத்துக்கு ஒரு கண்ணாடி ஃபியூஸ். என் மீட்டரில் 200 மில்லிஆம்பியர் என்று போட்டிருந்தது, அதே அளவு வாங்கி மாட்டினேன். ஒரு இழை செப்புக்கம்பி சுற்றிவிட்டால் போச்சு என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. பிள்ளைகள் கையில் போகும் மீட்டரில் அதைச் செய்ய வேண்டாம். ஆ பிரிவுக்கு, ஆம்பியர் அளக்கும் மீட்டர்களில் அந்த மில்லிஆம்பியர் துளைமேலேயே இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். வோல்ட்டுக்கு ஒரு மீட்டர், ஆம்பியருக்கு 10 ஆம்பியர் துளையில் ஒரு மீட்டர், வயரை இடம் மாற்றவே கூடாது என்று சட்டம்.

ஆ பிரிவுக்கு வரிசையைத் திருப்பினேன். முதல் நாள் கணினி அறைப் பக்கமே போகவில்லை. சுருள், செல், மீட்டர் மட்டும். வந்த அளவைக் கரும்பலகையில் எழுதவேண்டும், எவருடையதையும் நான் திருத்த மாட்டேன் என்றேன். ஒரு குழுவின் அளவுகள்: ஒரு செல்லுக்கு 1.51 வோல்ட், 0.14 ஆம்பியர். இரண்டுக்கு 2.87, 0.28. மூன்றுக்கு 4.09, 0.39. நாலுக்கு 5.2, 0.50. வகுத்தால் 10.8, 10.3, 10.5, 10.4. சுருளை மீட்டரில் நேராக அளந்தபோது 10.8 காட்டியது; மீட்டரின் இரு முனையையும் சேர்த்துத் தொட்டால் 0.4, அது வயரின் சொந்த மின்தடை. கழித்தால் 10.4. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்திருந்தது. ஆனால் வகுப்புக்கு அதில் ஆர்வமே இல்லை. அவர்களுக்கு ஒரே கேள்விதான்: நாலு செல் போட்டும் ஏன் ஆறு வரவில்லை?

"செல் பழசு டீச்சர்."

"நேத்துதான வாங்கினேன்."

"அப்போ சுருளைக் கழட்டிட்டு அளந்து பாப்போம்." கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன். அளந்தான். 6.4 வோல்ட். சுருளை மாட்டினான், 5.2. கழற்றினான், 6.4. நாலைந்து முறை மாட்டி மாட்டிக் கழற்றினான். செல் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவேண்டியதாயிற்று.

அடுத்த நாள்தான் சிமுலேஷன். முந்தின நாள் கட்டியதையே திரையில் கட்டச் சொன்னேன். திரையில் சுருளை மாட்டினாலும் கழற்றினாலும் அதே வோல்ட். "இது பொய்க் கணக்கு டீச்சர்" என்றான் அதே பையன். அ பிரிவில் மீட்டருக்குக் கிடைத்த பட்டம் இங்கே கணினிக்குக் கிடைத்தது. அப்போதுதான் ஓரத்தில் உள்ள கூடுதல் அமைப்பைத் திறக்கச் சொன்னேன். அதில் பேட்டரியின் உள்ளே இருக்கும் மின்தடைக்கு ஒரு நகர்த்தி இருக்கிறது. தொடக்கத்தில் அது சுழியத்தில் நிற்கும். அதை மெல்ல நகர்த்தினால் சுமை உள்ளபோது வோல்ட் இறங்கும். பேட்டரிக்கு 1.6 வைத்து, நகர்த்தி நகர்த்தி 5.2-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கரும்பலகையில் கணக்காகவும் போட்டோம்: 6.4-இல் 5.2 போனால் 1.2 வோல்ட், அதை 0.50 ஆம்பியரால் வகுத்தால் 2.4 ஓம், நாலு செல்லுக்குப் பங்கிட்டால் செல்லுக்கு 0.6 ஓம். செல்லின் அகமின்தடை மேல்நிலை வகுப்பில் வரும் பாடம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாக வழியில் கண்டெடுத்தார்கள், நான் பெயர் மட்டும் சொன்னேன்.

பல்புதான் நான் மிக ரசித்த பகுதி. சுருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டைனமோ பல்பை மாட்டினோம். ஒரு செல்லில் இழை மங்கலாகச் சிவந்தது: 1.46 வோல்ட், 0.23 ஆம்பியர். வகுத்தால் 6.3 ஓம். இரண்டு செல்லில் 8.5. மூன்றில் 10. நாலு செல்லில் நல்ல வெளிச்சம், 11.3 ஓம். வரைபடத்தாளில் புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வளைந்து படுத்துக்கொள்கிறது. பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மீட்டரால் நேராக அளந்தால் 1.2 ஓம்தான்.

"ஓம் விதி தப்பா டீச்சர்?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். ஏதோ சாமி குற்றம் மாதிரி.

விதியைச் சொல்லச் சொன்னேன். எழுந்து கடகடவென்று ஒப்பித்தாள். மாறா வெப்பநிலையில், கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும் என்பது அது. "முதல் ரெண்டு வார்த்தையைத் திரும்பச் சொல்லு." சொன்னாள். சொல்லிவிட்டு, கையில் பிடிக்க முடியாமல் சுட்டுக்கொண்டிருந்த பல்பைப் பார்த்தாள். பதினான்கு வருஷமாக இந்த விதியை நடத்துகிறேன். அந்த இரண்டு வார்த்தை எனக்கே ஒரு முகவுரை மாதிரிதான் இருந்தது, தேர்வில் விட்டுவிட்டால் அரை மதிப்பெண் போகும் என்பதால் சிவப்பு மையால் அடிக்கோடு போட வைப்பேன். டங்ஸ்டன் இழை வெள்ளையாகச் சுடரும்போது அதன் மின்தடை ஆறிய நிலையில் உள்ளதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. நிக்ரோம் சுருளில் அந்த மாற்றம் மிகச் சிறிது. அடுப்புச் சுருளுக்கு அது ஏற்றது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிமுலேஷனில் உள்ள சாதாரணப் பல்புக்கு இந்தச் சூடு எல்லாம் கிடையாது. எவ்வளவு ஓட்டம் போனாலும் 10 ஓம் என்றால் 10 ஓம்தான். சிமுலேஷனில் லேப் என்று ஒரு திரை இருக்கிறது, அதில் நிஜ பல்பு என்று தனியாக ஒன்றைச் சேர்க்கும் வசதி உண்டு, அதைப் போட்டால் கோடு வளையும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நம் டைனமோ பல்பு மாதிரி என்று கேட்டால் ஒரு பாட வேளை போவதே தெரியாது.

சிமுலேஷன் என்ன பண்ணும், மீட்டர் என்ன பண்ணாது என்பதையும் சொல்லவேண்டும். பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது, பல்பைத் தாண்டிய பிறகு மிச்சம்தான் போகிறது என்று வகுப்பில் பாதிப்பேர் மனசுக்குள் நம்புகிறார்கள். தேர்வில் சரியாகத்தான் எழுதுவார்கள். தனியாகக் கேட்டால் குட்டு வெளிப்படும். அம்மீட்டரைப் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்துக் காட்டினாலும் "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நம்பாமல் போவார்கள். திரையில் எலக்ட்ரான்களாகக் காட்டும் நீல உருண்டைகள் பல்புக்குள் போகும் வேகத்திலேயே வெளியே வருவதைப் பார்த்தால் அந்த நினைப்பு ஆட்டம் காண்கிறது. தொடர் இணைப்பில் இன்னொரு பல்பைச் சேர்த்தால் எல்லா உருண்டையும் ஒரே நேரத்தில் மெதுவாகிறது. பின்னால் சேர்த்த பல்புக்காக முன்னால் உள்ளதும் மங்குகிறது. இதை எந்தக் கரும்பலகைப் படத்திலும் என்னால் காட்ட முடிந்ததில்லை.

அதிலும் ஒரு பொய் உண்டு, அதை ஒருவன் பிடித்தான். "எலக்ட்ரான் நெசமாவே இம்புட்டு வேகமா ஓடுமா டீச்சர்?" ஓடாது. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் போகும்போது எலக்ட்ரான்கள் நகர்வது நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவில். 1 மீட்டர் போய்ச் சேர மூணே முக்கால் மணி நேரம் ஆகும். அப்படியானால் சுவிட்சைப் போட்டதும் லைட் எப்படி உடனே எரிகிறது என்று ஒரே சத்தம். வயலில் ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது மோட்டாரைப் போட்டால், கடைசி முனையில் எப்போது தண்ணீர் வரும் என்று திருப்பிக் கேட்டேன். விவசாய வீட்டுப் பிள்ளைகள். மீதியை அவர்களே பேசிக்கொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. திரையில் பேட்டரியை 120 வோல்ட் வரை ஏற்றலாம், தீயை அணைக்க ஒரு கம்பியை எடுத்தால் போதும். இந்தத் தைரியம் வீட்டு பிளக் பாயிண்டுக்குப் போய்விடக் கூடாது. இரண்டு பிரிவிலும் கடைசிப் பத்து நிமிஷம் இதற்கென்றே ஒதுக்கினேன். சுவரில் உள்ளது 230 வோல்ட், அங்கே எந்தச் செய்முறையும் கிடையாது.

பக்க இணைப்பை ஆ பிரிவுக்கு மூன்றாம் நாள் வைத்தேன். புத்தகப்படி, பக்க இணைப்பில் எத்தனை பல்பு சேர்த்தாலும் வெளிச்சம் குறையக் கூடாது. நம் செல்லில் மூன்றாவது பல்பைச் சேர்க்கும்போதே முதல் பல்பு நன்றாக மங்கிவிட்டது. இந்த முறை எவரும் ரப்பரைத் தேடவில்லை. செல்லின் உள்ளே இருக்கும் மின்தடைதான் டீச்சர் என்று மூன்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சரி, இதைத் திரையில் கட்டிக் காட்டுங்கள் என்று விட்டுவிட்டு, நான் மீட்டர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலோரக் கணினியில் இரண்டு பெண்கள் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். பேட்டரியின் உள்தடையை அவர்கள் தொடவே இல்லை. பக்கத்தில் கம்பியின் மின்தடை எண்ணுக்கு ஒரு நகர்த்தி இருக்கிறதே, அதைப் பாதிக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். பேட்டரியிலிருந்து இரண்டு கம்பிகள் திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரயில் தண்டவாளம் மாதிரி போயின. நடுநடுவே பல்புகள், ஏணிப் படி போல. முதல் பல்பு பளிச். அடுத்தடுத்து மங்கி, கடைசிப் பல்பு எரிகிறதா என்றே தெரியவில்லை.

"இது என்னம்மா?"

"எங்க தெரு டீச்சர். இது டிரான்ஸ்பார்மர்." பேட்டரியைத் தொட்டாள். கடைசிப் பல்பைக் காட்டி, "இது எங்க வீடு. சாயங்காலம் ஃபேனே சுத்தாது."

இன்னொருத்தி முதல் வீட்டில் ஒரு மின்தடையைப் பக்க இணைப்பில் மாட்டி, அதன் ஓமைக் குறைத்துக்கொண்டே வந்தாள். "இவங்க மோட்டார் போடுறாங்க." குறைக்கக் குறைக்க அத்தனை வீடும் மங்கியது. கடைசி வீடு அணைந்தேவிட்டது. "பாத்தியா, நான் சொன்னேன்லா, அவங்க போட்டாத்தான் நமக்குப் போகுது" என்றாள் முதலாமவள், என்னிடம் இல்லை, அவளிடம்.

பெல் அடித்தது. சிமுலேஷனை மூடினால் கட்டியதெல்லாம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். மதிய உணவுக்குப் போகாமல் உட்கார்ந்து, டிரான்ஸ்பார்மரிலிருந்து பதினோராவது வீடு வரை செய்முறை நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து, ஒவ்வொரு பல்புக்குக் கீழேயும் வோல்ட் எழுதிக்கொண்டு போனார்கள்.